ஓர் ஆக்சிஜன் குறைவு

ஆல்போர் ஆய்வகத்தில்
மாலை நான்கரைக்கே இருட்டிவிட்டது.
போடில் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறாள்.
நான்கே எழுத்துகளால் ஆன,
முப்பதாயிரம் எழுத்து நீள ஒற்றை வாக்கியம்.
நடுவில் மூச்சுவிட இடமில்லை.

இருபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் இடத்தில்
நின்றாள்.
ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி.
மாதிரி எண்ணின் பக்கத்தில் பண்ணைக் குறியீடு:
யோரிங்குக்கு வடக்கே,
கடற்காற்றில் ஒருபக்கமாய்ச் சாய்ந்த மரங்களுக்குப் பின்னால்,
தம்பி தோர்கிலின் மிங்க் கொட்டகைகள்.

போன வாரம் தொலைபேசியில் சிரித்தான்.
"இருபது வருஷமாக வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள் கிர்ஸ்டின்.
இப்போது கூண்டுகளுக்கு நடுவில் நிற்கிறேன்.
மீன்தீவனம், மூத்திரம், அந்த வீச்சம்,
ஒன்றுமே இல்லை, போடில்!
காற்றைக் கழுவிவிட்டாற்போல."
அவள் சிரிக்கவில்லை.

முகரும் நரம்பை அது நேரே தொடுவதில்லை.
நரம்புக்குச் சோறிட்டு அருகே நிற்கும் செல்களைத்தான் சாய்க்கிறது.
சமையற்காரன் படுத்தால்
பந்தியில் இருப்பவன் பட்டினி.

தனியாக இருக்கையில் அது வெறும் மெய்.
புள்ளி வைத்த எழுத்து, தானாக ஒலிக்காது,
ஏறிக்கொள்ள ஓர் உயிர் வேண்டும்.
செல்லின் வாசலில் ஓர் ஏற்பி,
இரத்த அழுத்தம் தணிக்கும் அன்றாட வேலைக்காக
கை நீட்டி நிற்கிறது.
அந்தக் கையைப் பிடிக்கிறது கூர்முள்.
பிடித்ததும் நம் நொதியே வந்து முள்ளை நறுக்குகிறது.
கத்தி வெளியிலிருந்து வரவில்லை,
வீட்டிலேயே இருந்தது.
மடங்கிக் கிடந்தது ஈட்டியாய் நிமிர்ந்து
சவ்வோடு சவ்வை இழுத்துத் தைக்கிறது.

உள்ளே போவது ஒரு நாடா மட்டும்.
ரைபோசோமுக்கு எழுத்துத் தெரியும், ஆள் தெரியாது.
வந்ததைப் படித்தது, படித்ததைச் செய்தது.
செய்தவற்றில் முதல் புரதம்
திரும்பி வந்து அதன் வாயையே அடைத்தது:
வீட்டுக்காரர் கடிதங்களை இனிப் படிக்காதே.
ஆபத்து என்று கத்தவேண்டிய இன்டர்பெரான்
தொண்டைக்குழியில் நின்றுபோயிற்று.

பிறகு, காலம் கடந்து,
வெள்ளணுக்கள் திரண்டு வந்தன.
திருடன் போன வீட்டில் புகுந்த கூட்டம்
கதவு, சன்னல், சட்டி பானை எல்லாவற்றையும் உடைப்பதுபோல.
நுரையீரலின் சிற்றறைகளுக்குள்
சோப்புப் படலம் பூசும் செல்கள் செத்தன.
ஈரத்தோடு ஈரம் ஒட்டி
அறைகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.

ஏ போய் டி வந்ததால்
டைரோசின் இடத்தில் பினைலலனின்.
இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு.
மிங்கின் கைக்கு வாகாக உதிர்த்துக்கொண்டது
என்று குறிப்பேட்டில் எழுதி, அடித்தாள்.
அதற்கு எண்ணம் ஏது?
நெருக்கியடித்த கூண்டுகளில்
எண்ணற்ற பிழைகளில் ஒன்று பொருந்திப்போனது.
மனிதக் கையிலும் அது நழுவவில்லை.

ஓர் ஆக்சிஜனை விட்டுவிட்டு வந்தது.
இப்போது தோர்கிலுக்கு
நிமிடத்துக்குப் பத்து லிட்டர்.
கணக்கு அப்படி இல்லை, அவளுக்குத் தெரியும்.
ஆனாலும் கூட்டிப் பார்த்தாள்.

இந்த அறிக்கை போனால்
கொட்டகைகளுக்குள் வாயு வண்டிகள் போகும்.
காபி ஆறியது.
பண்ணைக் குறியீட்டை இரண்டு முறை சரிபார்த்தாள்,
ஒருமுறை ஆய்வாளராக,
இன்னொருமுறை
எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று.
அனுப்பினாள்.

பிப்ரவரியில் அவன் அழைத்தான்.
இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி.
"இன்றைக்கு வந்துவிட்டது போடில், அந்த வீச்சம்."
"எங்கே நிற்கிறாய்?"
"கொட்டகையில்."

கொட்டகையில் ஒன்றுமில்லை.
சுண்ணாம்பு போட்டுக் கழுவி மூன்று மாதம்.
புதிதாய் முளைத்த நரம்பு ஏதோ ஓர் எழுத்தைத்
தவறாகப் படிக்கிறது என்று
அவள் சொல்லியிருக்கலாம்.
அவன் இழுத்து இழுத்து முகர்வதைக்
கேட்டுக்கொண்டிருந்தாள்.